இரண்டு மணிக் கட்டம்

மூச்சை எண்ணுவதற்கு ஒரு முழு நிமிடம் வேண்டும். காய்ச்சலை ஒரு கருவி சொல்லிவிடும். ரத்த அழுத்தத்தை இன்னொரு கருவி சொல்லிவிடும், நாடித்துடிப்பும் அதிலேயே வந்துவிடும். மூச்சை மட்டும் ஆள்தான் எண்ண வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. மறுபடி ஏறி இறங்கினால் இரண்டு. அப்படியே அறுபது விநாடி. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எண்ணுகிறோம் என்று தெரிந்துவிட்டால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும். திருடித்தான் எண்ண வேண்டும்.

நர்சிங் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுத்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அச்சன்புதூரில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பா, அம்மா, தம்பி என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்து எண்ணினேன். அப்பாவுக்குப் பதினாறு. அம்மாவுக்குப் பத்தொன்பது. தம்பிக்கு எண்ண முடியவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தான். ஒருவருக்கு வந்த எண் இன்னொருவருக்கு வரவில்லை என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

படிப்பு முடிந்ததும் தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். இரண்டாவது மாடி, இருபத்தெட்டு கட்டில், பகலில் இரண்டு நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த அன்றே சன்னதித் தெருவில் விநாடி முள் பெரிதாக இருக்கும் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதல் வாரம் எல்லாக் கட்டிலிலும் முழு நிமிடம் எண்ணினேன். எங்கள் மாடியின் இன்சார்ஜ் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏட்டி, நீ மூச்சு எண்ணி முடிக்கதுக்குள்ள அவன் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருவான்.”

மறுநாளிலிருந்து எனக்கு ‘நிமிசம்’ என்று பெயர். “நிமிசம் சாப்பிட்டாச்சா?” “நிமிசத்த பதினோராம் கட்டிலுக்குக் கூப்பிடுதாவ.” எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. எல்லாமே பிடித்திருந்தது. குடல் ஆபரேஷன் செய்த ஒரு பெரியவருக்கு மூன்றாம் நாள் சத்தமாக வாயு பிரிந்தபோது, அவர் குடும்பமே கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கவாதத்தில் பேச்சு போயிருந்த ஒரு டீச்சர், ஒரு மாதம் கழித்து முதன்முதலாகப் பேசிய வார்த்தை “ஏட்டி.” என்னைப் பார்த்துத்தான். ஊசியை மெதுவாகப் போடச் சொல்லத்தான். அன்றைக்கு அச்சன்புதூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். இந்த வேலைக்கு இது போதும் என்று நினைத்தேன்.

நான்கு மாதத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினேன். பிறகு கால் நிமிடம். பிறகு தூரத்திலிருந்து ஒரு பார்வை. கடைசியில் பார்வையும் இல்லை. சார்ட்டில் ஆறு மணி, பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் வட்டம் போட்டுக் கூப்பிட்டுக் கேட்பார்கள். தப்பாக நிரம்பியிருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் மாடியில் எல்லாரும் இருபது என்று எழுதினார்கள். கிழவருக்கும் இருபது, கல்லூரிப் பையனுக்கும் இருபது, அழுதுகொண்டிருப்பவருக்கும் இருபது. நானும் எழுதினேன். இருபதுக்கு ஒரு நிமிடம் தேவையில்லை, பேனா போதும்.

அந்தக் கார்த்திகையில்தான் குற்றாலத்திலிருந்து எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சி ஒருவர் வந்து சேர்ந்தார். அருவிக்குப் போகிற வழியில் கல் பலகையில் ஆட்களைப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், தோள் இரண்டும் திரண்டிருந்தன. சபரிமலைக்குப் போகிற சாமிமார் கூட்டத்தில் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது.

“முப்பது வருசமா ஊருக்கெல்லாம் எண்ண தேச்சுவிட்டேன். கடைசில என் எண்ணயிலேயே நான் வழுக்குனேன் பாத்தியா” என்று ஸ்டிரெச்சரில் கிடந்தபடியே அவரே சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை. அருவிக்கரையில் எண்ணெய்ப் புட்டியும் சீயக்காய்ப் பொட்டலமும் விற்கிற பெண். குட்டையாக, கறுப்பாக, எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்கிற கண்.

அவர் வந்த அன்று கட்டில்கள் பாதி காலியாக இருந்தன. அதனால் என் பழைய ஆசை திரும்பிவிட்டது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். நாற்பது விநாடி இருக்கும்.

“கைய மட்டும் புடிச்சிருக்க, கண்ணு நெஞ்சுல இருக்கு. மூச்சத்தான எண்ணுத?” என்றார்.

நான் திகைத்துவிட்டேன். அதுவரை ஒரு நோயாளிகூட அதைக் கண்டுபிடித்ததில்லை.

“எப்படி அண்ணாச்சி தெரியும்?”

“எனக்கும் அதுதாம்மா வேல. ஆளு மூச்ச வெளிய விடும்போதுதான் அமுக்கணும். உள்ள இழுக்கும்போது கைய எடுத்துரணும். மாத்தி அமுக்குனா எலும்பு போயிரும். ஒருநாளைக்கு இருவது பேரு மூச்சு எண்ணுவேன்.” பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தியா, இந்தப் பிள்ள ஒழுங்கான பிள்ள. எண்ணுது.”

அன்று முழுக்க அந்தச் சொல்லோடு நடந்தேன். அவருக்குப் பதினெட்டு. என் கையால் எண்ணி எழுதிய பதினெட்டு. மறுநாள் ஆபரேஷன் நடந்தது, தொடைக்குள் கம்பி வைத்தார்கள், நன்றாக முடிந்தது.

ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் காலையில் செங்கோட்டைப் பக்கம் சாமிமார் வேன் ஒன்று கவிழ்ந்துவிட்டது. ஒன்பது மணிக்குள் எங்கள் மாடி நிரம்பி, நடையில்கூடப் பாய் விரித்தார்கள். கறுப்பு வேட்டியும் ரத்தமும் துளசி மாலையுமாக எங்கே பார்த்தாலும் ஆட்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப் எங்கள் மாடியில் ஒன்றுதான். அதையும் கீழே அவசரப் பிரிவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நானும் இன்னொரு பெண்ணும் ஓடினோம். ஓடினோம் என்றால் நிஜமாகவே ஓட்டம்.

பத்து மணிக்கு எண்ணெய் அண்ணாச்சியின் கட்டிலுக்குப் போனேன். நாடி நூற்றுப் பன்னிரண்டு என்று கருவி காட்டியது. வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார், வழக்கமான பேச்சு இல்லை. தூங்கட்டும் என்று விட்டேன். இரவு டியூட்டிக்காரி ஆறு மணிக்கு இருபது என்று எழுதியிருந்தாள். நானும் இருபது என்று எழுதினேன். அத்தோடு நிற்கவில்லை. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். அப்போது கட்டங்கள் காலியாக இருந்தால் அடுத்த ஷிஃப்ட்காரி கத்துவாள். பேனா கையில் இருந்தது. அந்த வரிசையில் ஆறு கட்டிலுக்கும் இரண்டு மணிக் கட்டத்தை அப்போதே நிரப்பினேன். இருபது, இருபது, இருபது, இருபது, இருபது, இருபது. கை பழகியிருந்தது.

பன்னிரண்டரைக்கு அவர் மனைவி மருந்து அறை வாசலில் வந்து நின்றாள்.

“எம்மா, அவியளுக்கு மூச்சு எறைக்குது. கொஞ்சம் வந்து பாரேன்.”

“பாத்துட்டேன்கா. நல்லாத்தான் இருக்காவ.”

“விடியக்காலைலயே எறைப்புதான். ராத்திரி இருந்த பிள்ளைட்டயும் சொன்னேன். வலிக்கு அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டா.”

“சரியாத்தான் சொல்லியிருக்கா. போங்க, வாரேன்.”

அவள் போகவில்லை. நான் ஒரு வேன் சாமிக்குப் போட வேண்டிய ஊசி மருந்தைக் கையில் வைத்திருந்தேன். எரிச்சல் வந்தது. விறுவிறுவென்று அவர் கட்டிலுக்கு நடந்து, சார்ட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இந்தா பாருங்க. இது மூச்சு. இருபதுன்னு போட்டிருக்கா? இருபதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். சும்மா பயந்துக்கிட்டு.”

அவள் எட்டாவது படித்தவள் என்று பிறகு தெரிந்தது. சார்ட்டை வாங்கி, விரலை வைத்து வரிசையாகப் பார்த்தாள். ஆறு. பத்து. விரல் அடுத்த கட்டத்தில் போய் நின்றது.

“இதுல ரெண்டு மணின்னு போட்டிருக்கு.”

நான் சார்ட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

“இப்போ பன்னெண்டரதானம்மா ஆவுது?”

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். நேரம் தனக்குத்தான் தப்பாகத் தெரிகிறதோ என்று சந்தேகப்படுகிறவள் போலச் சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்த கணம் அவள் முகத்தில் எனக்குத் தெரிந்தது.

நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. விநாடி முள்ளைப் பார்த்தேன். எண்ணினேன். முப்பத்தெட்டு. முழு நிமிடம். அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு நான் எண்ணுவதைப் பார்த்தாள். நேரம் போட்டு அதைச் சார்ட்டில் எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். டியூட்டி டாக்டர் ஓடிவந்தார். ஆக்சிஜன் வைத்தோம். உடைந்த காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கும் என்றார். இங்கே வைத்துப் பார்க்க முடியாது, திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகட்டும் என்றார். ஒரு மணிக்கெல்லாம் ஆம்புலன்சில் ஏற்றிவிட்டோம். ஏற்றும்போது முகமூடிக்குள்ளிருந்து அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். மனைவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் அனுப்புக் கடிதம் எழுதும்போது என்னைக் கேட்டார்: “எப்போ ஆரம்பிச்சது?”

என் வாய் திறந்தது. அதற்குள் அவர் சார்ட்டைப் பார்த்துவிட்டார். “பத்து மணிக்கு இருபது. அப்போ திடீர்னுதான் வந்திருக்கு” என்று தானே சொல்லி, தானே எழுதிக்கொண்டார். நல்லவேளை, அவர் இரண்டு மணிக் கட்டத்தைப் பார்க்கவில்லை. நல்லவேளை என்றுதான் அப்போது நினைத்தேன்.

இன்சார்ஜ் அக்கா பார்த்துவிட்டாள். ஆம்புலன்ஸ் கிளம்பிப் பத்து நிமிடத்தில் என்னை மருந்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“பன்னெண்டு நாப்பதுக்கு முப்பத்தெட்டு. ரெண்டு மணிக்கு இருபது. ஆளு ஆம்புலன்ஸ்ல போய்க்கிட்டு இருக்கான், ரெண்டு மணிக்கு அவனுக்கு இங்கன இருபது. என்னட்டி இது?”

“முன்னாடியே எழுதிட்டேன்கா.”

“பத்து மணிக்காவது பாத்தியா?”

“இல்ல.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அலமாரியைத் திறந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தாள்.

“உக்காந்து எல்லாத்தயும் இதுல புதுசா எழுது. ரெண்டு மணிய விட்டுரு. ஆறு மணி நைட்காரி எழுதுனது, அதுக்கு வேற பேனா எடுத்துக்க.”

“நான் டாக்டர்ட்ட சொல்லிருதேன்கா.”

“சொல்லி? உன்ன வீட்டுக்கு அனுப்புவாவ. நாளைக்கு இருபத்தெட்டு கட்டிலுக்கு ஒருத்தி. அவ என்ன செய்வா? இருபதுதான் எழுதுவா. எல்லாரும்தான் எழுதுதோம். உன்ன மட்டும் சாமி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கா?” குரலைத் தாழ்த்தினாள். “கடைசில எண்ணுனேல்லா. அது போதும். எழுது.”

எழுதினேன். இரண்டு பேனாவால் எழுதினேன். நைட்காரி இருபதில் வருகிற இரண்டை வளைத்து எழுதுவாள், அதையும் அப்படியே எழுதினேன். பழைய தாளை அக்கா நான்காகக் கிழித்துக் குப்பையில் போடாமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர் பிழைத்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாராம். “சட்டுன்னு கண்டுபுடிச்சு அனுப்பிட்டாங்க, அதான் தப்பிச்சீரு” என்று அங்கே டாக்டர்கள் சொன்னார்களாம். அவர்களிடம் இருந்தது எங்கள் கடிதம்தான். தையில் அவர் கம்பு ஊன்றிக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்து, மேனேஜர் அறையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சொன்னார்: “அந்தப் பிள்ள ஒரு நிமிசம் நின்னு எண்ணுச்சு. எம் மூச்ச எண்ணுச்சு. இல்லன்னா நான் இல்ல.”

அதற்குப் பிறகு ‘நிமிசம்’ என்ற பெயரின் அர்த்தம் மாறிவிட்டது. யாரும் கிண்டலாகக் கூப்பிடவில்லை. வேலை தேடி வருகிற புதுப் பெண்களுக்கு மேனேஜர் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொன்னார். கதையில் நான் காலையிலிருந்தே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கதையில் அவர் மனைவி இல்லை.

நான் மறுபடி எண்ண ஆரம்பித்தேன். எல்லா நாளும் எண்ணினேன் என்று சொல்ல மாட்டேன். முடிந்த நாளெல்லாம் எண்ணினேன். என் ஷிஃப்ட் கட்டங்களில் பதினேழு, இருபத்துமூன்று, பத்தொன்பது என்று ஏறுக்கு மாறாக எண்கள் வந்தன. மேலும் கீழும் மற்றவர்களின் இருபதுகள் ஒழுங்காக நின்றன. ஒருநாள் என்னோடு வேலை பார்க்கிற பெண் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்:

“நீ இப்படி எழுதுனா எங்க இருபதெல்லாம் பொய்னு தெரிஞ்சிரும்லா. ஷீல்டு வாங்கப் போறவளுக்கு என்ன, நாங்க வேல பாக்கணும்.”

ஷீல்டு நிஜமாகவே வந்தது. மே மாதம் செவிலியர் தினத்துக்குக் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு, என் படத்தோடு பேனர் வைத்திருந்தார்கள். ‘பணியில் நிறைவான தருணம்’ என்ற தலைப்பில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார்கள். எழுதிப் பார்த்தேன். முதல் வரிக்கு மேல் போகவில்லை. அன்று மேடையில் டீச்சரம்மாவின் “ஏட்டி” கதையைச் சொன்னேன், வாயு பிரிந்த பெரியவர் கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகப் பேசினேன் என்றுதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மைக்கில் எண்ணெய் அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். அவர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். ஏழெட்டு அடி தூரம், மூன்று படி. இரண்டாம் படியில் நின்றுவிட்டார். வாயைத் திறந்து மூச்சு இழுத்தார். கம்பைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்தது. கால் வலி என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் மேடையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், கண் தானாக அவர் மூச்சை எண்ணியது. அவரால் ஏற முடியாது என்றானதும் மேனேஜர் அவர் மனைவியை மேலே அழைத்துப் பொன்னாடையை அவள் கையில் கொடுத்தார்.

அவள் என்னைவிடக் குட்டை. நான் குனிந்தேன். ஆடையை என் தோளில் சுற்றி முன்பக்கம் இழுத்துவிடும்போது அவள் வாய் என் காதருகே வந்தது.

“மணி ரெண்டாச்சா சிஸ்டரு?”

கைதட்டல் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தை அம்மா பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறாள்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும், ஒரு விடுப்பு நாளில் குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் உதட்டுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். சீசன் கூட்டம் நெரிந்தது. அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் அவர் இல்லை. அவர் பலகையில் வேறு யாரோ ஒருவன் ஒரு தொப்பைக்காரரைக் குப்புறப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளி, மனைவியின் எண்ணெய்க் கடை. அதன் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், குளிக்கப் போகிறவர்களின் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு. தோள் இரண்டும் சரிந்திருந்தன.

அவர் என்னைப் பார்ப்பதற்கு முன் அவள் பார்த்துவிட்டாள். புட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து என்னைப் பக்கத்தில் ஒரு குடைக் கடைக்குப் பின்னால் நிறுத்தினாள்.

“எதுக்கு வந்த?”

“அண்ணாச்சிட்ட ஒண்ணு சொல்லணும்கா.”

“என்னத்த? ரெண்டு மணி கதையவா?”

“ஆமா.”

“வேண்டாம்.”

“நான் சொல்லாம இருந்தா எனக்கு...”

“உனக்குத்தான?” என்றாள். “நீ சொல்லிட்டு அழுதுட்டு பஸ் ஏறிப் போயிருவ. உனக்கு லேசாயிரும். நான்லா இவியகூட இருக்கணும். பலகைல ஆளப் போட்டு அமுக்க மூச்சு பத்தல. நாலு அமுக்கு அமுக்குனா உக்காந்துருதாவ. கை வேலையும் போச்சு. ஒரு நல்ல பிள்ள நம்ம மூச்ச எண்ணுச்சு, அதனால பொழச்சோம்னு ஒரு நெனப்பு மட்டும் மிச்சம் இருக்கு. வாரவன் போறவன்ட்டயெல்லாம் அதத்தான் சொல்லுதாவ. அதையும் புடுங்கிட்டுப் போறியா?”

சாரல் முகத்தில் அடித்தது. நான் கேட்க நினைத்து ஆறு மாதமாகக் கேட்காததைக் கேட்டேன்.

“அன்னைக்கே ஏன்கா யார்ட்டயும் சொல்லல?”

“யார்ட்ட? டாக்டர்ட்டயா? அவிய ஒங்க கையிலலா கெடந்தாவ. சொன்னா, நீங்கள்லாம் அந்த வண்டில ஏத்துவியளான்னு பயந்துட்டேன்.” அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். “அப்புறம் சொல்ல என்ன இருக்கு? உனக்குப் பொன்னாட போத்தச் சொன்னாவ, போத்துனேன்.”

அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். “ஏ! யாரு வந்திருக்கா பாரு! எங்க டாக்டரம்மா!” பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டார். “இந்தப் பிள்ளதான்லே, நான் சொல்லுவேம்லா, எண்ணுன பிள்ள.” ஒருவன் எழுந்து எனக்கு நாற்காலி போட்டான். ஒருவன் பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“எண்ணு மக்கா” என்று கையை நீட்டினார். “எம்புட்டு இருக்குன்னு பாரு. இவனுவளுக்குக் காட்டணும்.”

அவருக்குத் தெரியும், எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்று. அதனால் அருவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யோசனை இல்லாதவர் போல உட்கார்ந்தார். எனக்கு உதவி செய்தார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். விநாடி முள் நகர்ந்தது. மனைவி கடைக்குப் போகவில்லை, அன்று நின்றதுபோல அவர் தலைக்குப் பின்னால் நின்றாள்.

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு இருபத்தெட்டு.

“எம்புட்டு?”

இருபது என்று சொல்லியிருக்கலாம். அவர் சந்தோஷப்பட்டிருப்பார். கைதட்டியிருப்பார்கள். நாக்கு நுனிவரை வந்துவிட்ட எண் அதுதான், அத்தனை பழக்கம்.

“இருபத்தெட்டு அண்ணாச்சி. கூடத்தான் இருக்கு.”

அவர் முகம் வாடியது. “அப்படியா? ஆஸ்பத்திரில காலைல வரைக்கும் இருபதா இருந்துச்சே. நீதான எழுதியிருந்த.” பிறகு குழந்தைபோலக் கேட்டார்: “அந்த இருபது மறுபடி எப்போ வரும்மா?”

நான் அவர் கையை விடவில்லை. அவர் தலைக்குப் பின்னால் அந்த இரண்டு கண்களும் என் மேல் இருந்தன. சொல்லாதே என்றது அந்தப் பார்வை. சொல்லவில்லை.

“மாத்திர மட்டும் போதாது. நெஞ்சு டாக்டர்ட்ட காட்டணும். தென்காசி கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. திங்கக்கிழம எனக்கு மதியம்தான் டியூட்டி. காலைல நானே கூட வந்து சீட்டு எடுத்துக் காட்டுதேன்” என்றேன்.

“போவோம், போவோம்” என்றார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து அவருக்கு அதற்குள் உற்சாகம் திரும்பியிருந்தது.

கிளம்பும்போது மனைவி பஸ் நிற்கிற இடம் வரை கூடவே வந்தாள். பஸ் வந்ததும் கேட்டாள்:

“திங்கக்கிழம எத்தன மணிக்கு?”

“ஒன்பது மணிக்குக்கா.”

படியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது.

“ஒம்பதுன்னா, ஒம்பதுக்கா?”

“ஒன்பதுக்குத்தான்” என்றேன்.

அவள் தலையை ஆட்டவில்லை. முந்தானை முனையிலிருந்து சின்னப் பழைய கைபேசியை எடுத்து, அப்போது மணி என்ன என்று பார்த்துக்கொண்டாள்.